பெதெவெசா நாட்கள்: ஹூஸ்டன் நாட்குறிப்பு

23 ஜனவரி 2019, புதன்

இன்று மதியத்துக்கு மேல் ஆபீஸில் பாதிப் பேருக்கு வேலை ஓடவில்லை. எல்லார் போனிலும் வெனிசுவேலா தலைநகர் கராகஸ்தான். நாடாளுமன்றத் தலைவர் ஹுவான் குவாய்டோ, 35 வயதுதான், கூட்டத்தின் நடுவே கையை உயர்த்தி இடைக்கால அதிபராகப் பொறுப்பேற்கிறேன் என்றார், சற்று நேரத்தில் டிரம்ப் அவரை அங்கீகரித்துவிட்டார், உடனே அதிபர் மதுரோ மாடத்தில் வந்து நின்று அமெரிக்காவோடு தூதரக உறவு முறிந்தது, உங்கள் ஆட்கள் 72 மணி நேரத்தில் கிளம்பட்டும் என்று சொல்லிவிட்டார்.

என் பக்கத்து இருக்கைக்காரர் வெனிசுவேலாவின் மரக்கைபோ ஊர். அறுபதை நெருங்குகிறார். நான் மனதுக்குள் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஒருநாள் அதன் அர்த்தத்தைச் சொன்னேன், அன்றிலிருந்து அப்படியே கூப்பிடச் சொல்லிவிட்டார். 2003-ல் நாட்டைவிட்டு வந்தவர். அந்த வருடம்தான், வேலைநிறுத்தம் முடிந்த கையோடு, அப்போதைய அதிபர் சாவேஸ், அரசு எண்ணெய் நிறுவனத்திலிருந்து சுமார் 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார். கிணற்றின் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் மொத்தமாக வெளியே போனார்கள். நாங்களெல்லாம் அந்த நிறுவனத்தை பி.டி.வி.எஸ்.ஏ. என்று எழுத்தெழுத்தாகச் சொல்வோம். அக்கா மட்டும் ஒரே மூச்சில் "பெதெவெசா" என்பார், சொந்தக்காரர் பெயரைச் சொல்வது போல.

இன்று அழுதுகொண்டே சிரித்தார். 82 வயது அம்மா மரக்கைபோவில் தனியாக இருக்கிறார். நாலு தடவை போன் போட்டும் லைன் கிடைக்கவில்லை.

28 ஜனவரி, திங்கள்

வந்தேவிட்டது. நிதியமைச்சர் ம்னூசினும் பாதுகாப்பு ஆலோசகர் போல்டனும் வெள்ளை மாளிகையில் நின்று பெதெவெசா மீது பொருளாதாரத் தடை என்று அறிவித்தார்கள். 700 கோடி டாலர் சொத்து முடக்கம், அடுத்த ஓராண்டில் 1,100 கோடி டாலர் ஏற்றுமதி வருமானம் போகும் என்று கணக்கும் சொன்னார்கள். போல்டன் கையில் வைத்திருந்த மஞ்சள் நோட்டில் "கொலம்பியாவுக்கு 5,000 படையினர்" என்று எழுதியிருந்தது கேமராவில் விழுந்துவிட்டது. அதைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு அக்கா அரை மணி நேரம் பேசவில்லை.

கச்சா எண்ணெய்க் கப்பல் எது, எந்த நாள், எந்தத் தொட்டிக்கு என்று அட்டவணை போடுவது என் வேலை என்பதால் சாயங்காலம் முழுக்க தடையோடு வந்த விதிவிலக்கு உரிமங்களைப் படித்தேன். ஏப்ரல் 28 வரை எண்ணெய் வாங்கலாம், ஆனால் பணம் அமெரிக்காவில் உள்ள முடக்கப்பட்ட கணக்குக்குத்தான் போக வேண்டும், மதுரோ அரசு அதைத் தொட முடியாது. சரி, காசு கைக்கு வராது என்று தெரிந்தும் எவன் கப்பலை நிரப்பி அனுப்புவான்? பெதெவெசா முதலில் பணத்தை வை, அப்புறம் கப்பலை ஏற்றுகிறேன் என்கிறது. வாங்கலாம் என்று அனுமதி இருந்தும் வாங்க வழியில்லை. சிட்கோ எண்ணெய் நிறுவனத்தின் நிலைமை இன்னும் சிக்கல், இதே ஹூஸ்டனில் தலைமையகம், லேக் சார்லஸ், கார்ப்பஸ் கிறிஸ்டி, லெமாண்ட் என்று மூன்று சுத்திகரிப்பு ஆலைகள், எல்லாம் பெதெவெசாவின் சொத்து. ஆலைகள் ஓடலாம், லாபத்தை மட்டும் தாய் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

29 ஜனவரி, செவ்வாய்

டிவியில் எல்லாரும் எண்ணெய் வாங்குவது நிற்பதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பயமாக இருப்பது வேறு ஒன்று. நாப்தா, கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் லேசான திரவம்.

என் மேசையில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இருக்கின்றன. ஒன்றில் டெக்ஸாஸ் லேசு எண்ணெய், சாய்த்தால் டீ மாதிரி ஓடும். இன்னொன்றில் வெனிசுவேலாவின் ஒரினோகோ எண்ணெய், அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு போன் பேசி முடித்துத் திரும்பினாலும் பாதி வழியில்தான் இருக்கும், ஆறிப்போன கருப்பட்டிப் பாகு போல. தண்ணீரில் விட்டால் மூழ்கும். அதைக் குழாயில் தள்ள வேண்டுமென்றால் நாப்தாவோ லேசான எண்ணெயோ கலந்து இளக்கியாக வேண்டும், அப்படிக் கலந்துதான் ஏற்றுமதிக்கு அங்குள்ள ஹோசே துறைமுகத்துக்கு வருகிறது. அந்த நாப்தாவை இத்தனை நாள் அனுப்பியது நாங்கள் இருக்கும் இதே மெக்சிகோ வளைகுடாக் கரை. நேற்றிலிருந்து அதுவும் தடை. ஆக, விற்பதற்கு ஆள் தேடுவதற்கு முன்பே, தோண்டிய எண்ணெயை நகர்த்துவதற்கு அவர்களுக்கு வழி வேண்டும்.

அக்கா அந்தக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒருநாளைக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்த நிறுவனம் இது, இப்போது 12 லட்சம் கூட முக்கி முனகித்தான் வருகிறது, அதற்குக் காரணம் வாஷிங்டன் இல்லை, எங்கள் ஆட்களேதான் கொன்றார்கள் என்றார். நானும் அதையேதான் நம்புகிறேன். பராமரிப்புக்குக் காசு போடாமல், தெரிந்தவனைத் துரத்திவிட்டு, ராணுவ ஜெனரலை நிறுவனத்துக்குத் தலைவராக உட்கார வைத்தால் வேறு என்ன ஆகும்?

4 பிப்ரவரி, திங்கள்

ஸ்பெயின், பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் எல்லாம் குவாய்டோ பக்கம். ரஷ்யா, சீனா, துருக்கி, கியூபா மதுரோ பக்கம். இந்தியா யாரையும் அங்கீகரிக்கவில்லை, வெனிசுவேலா மக்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்கிறது.

எங்களுக்கோ இங்கே கனமான எண்ணெய்க்குத் தவிப்பு. இந்தக் கரையில் உள்ள ஆலைகளில் பல, கனமான, கந்தகம் அதிகமான எண்ணெயை உடைப்பதற்கென்றே கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டியவை. லேசு எண்ணெயை மட்டும் ஊற்றினால், கனமானதை உடைக்கும் கோக்கர் அலகு பட்டினி. கனடாவின் ஆல்பர்ட்டாவில் உற்பத்தியையே குறைத்திருக்கிறார்கள், எண்ணெய் நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கும் குறைத்திருக்கிறது. காலையிலிருந்து போன்தான்.

12 பிப்ரவரி, செவ்வாய்

வெனிசுவேலா எண்ணெய் அமைச்சர் மனுவேல் கெவேதோ நேற்று கிரேட்டர் நொய்டாவில், பெட்ரோடெக் எண்ணெய் மாநாட்டில். பெதெவெசாவின் தலைவரும் அவர்தான், நான் சொன்ன அதே ஜெனரல். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக ரொக்கம் தரும் பெரிய வாடிக்கையாளர் இந்தியாதான். சீனாவுக்குப் போகும் எண்ணெயில் பெரும்பகுதி பழைய கடனுக்குக் கழிகிறது. ஜாம்நகரில் ரிலையன்ஸ், வாடினாரில் நயாரா, இரண்டும் சேர்ந்து நாளுக்கு 3 லட்சம் பீப்பாய்க்கு மேல் வாங்குகின்றன. இரட்டிப்பாக்கத் தயார் என்று அமைச்சர் கேட்டுப் பார்க்கிறார். போல்டன் இன்று, மதுரோவுக்குக் கைகொடுக்கிற நாடுகளையும் நிறுவனங்களையும் மறக்க மாட்டோம் என்று எழுதிவிட்டார்.

இதைப் படிக்கும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இந்திய அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. விதேஷ் வெனிசுவேலாவின் சான் கிறிஸ்டோபல் எண்ணெய் வயலில் 40 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது, வர வேண்டிய பாக்கி வருடக்கணக்கில் நிற்கிறது. எண்ணெய் வாங்கினால்தான் அந்தப் பாக்கியைக் கழிக்கவாவது ஒரு வழி பிறக்கும். அமெரிக்கச் சட்டம் அமெரிக்கருக்கு, சரி. குஜராத்தில் இருக்கும் ஆலை எதை வாங்க வேண்டும் என்பதை வாஷிங்டன் எப்படிச் சொல்லலாம்? ஆனால் டாலரும் வங்கியும் காப்பீடும் அவர்கள் கையில் இருக்கும்போது சொல்ல முடிகிறது, கேட்கவும் வேண்டியிருக்கிறது.

24 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று கொலம்பிய எல்லையில், குக்குட்டா பாலங்களில் நிவாரண லாரிகளை உள்ளே விடவில்லை. சான்டாந்தேர் பாலத்தில் லாரி எரிந்தது. மதுரோ கொலம்பியாவோடும் உறவை முறித்துக்கொண்டார். பசியே இல்லை என்று சாதிக்கிற ஒரு ஆட்சி, லாரியில் வரும் சோற்றை அரசியல் மேடையாக்குகிற இன்னொரு தரப்பு. 1990-களில் ஈராக் மீது தடை இருந்தபோது கூட, தாமதமாகவாவது, எண்ணெய்க்கு உணவு என்று ஒரு திட்டம் வந்தது. அதில் ஆயிரம் ஊழல், இருந்தாலும் ஒரு வாசல் இருந்தது. ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெயிலிருந்தே வரும் நாட்டில் அந்த வாசல் கூட வைக்காமல் பூட்டியிருக்கிறார்கள். தடை போட்டதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, அக்காவிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாயும் வராது. முடக்கிய காசிலிருந்து மருந்துக்கு ஒரு வழி வைத்துவிட்டுப் பூட்டியிருக்கலாமே, இதைத்தான் ஒரு மாதமாகப் பார்க்கிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

9 மார்ச், சனி

வியாழன் சாயங்காலம் போன கரண்ட் இன்னும் வரவில்லை. நாடு முழுக்க. குரி அணை மின்சாரத்தை நம்பித்தான் நாட்டின் பெரும்பகுதி, அணை கிழக்கே, மரக்கைபோ மேற்குக் கோடியில். அரசு அமெரிக்காவின் சதி என்கிறது. மின்தடத்துக்கு அடியில் புதர் மண்டி எத்தனை வருடம் ஆச்சு என்று அக்கா கேட்கிறார். ஹோசே துறைமுகத்திலும் ஏற்றுமதி நின்றுவிட்டது.

அம்மாவுக்கு சர்க்கரை வியாதி. இன்சுலின் பிரிட்ஜில். அங்கே 35 டிகிரி வெயில். நடுராத்திரி அக்கா போன் செய்து, நீதான் உங்கள் ஊர் கதை ஒன்று சொன்னாயே, பானை, என்றார். 2012-ல் தமிழ்நாட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போனபோது கும்பகோணம் பக்கத்தில் என் பாட்டி இன்சுலினை மண்பானையில்தான் வைத்திருந்தார். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மருந்து, மேலே நனைத்த துணி, நிழலில் காற்று வரும் இடம். குளிர்பெட்டி அளவுக்கு வராது, கெட்டுப்போகாமல் நாலு நாள் தள்ளும். அக்கா ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். அவர்கள் பழைய வீடுகளிலும் வடிகட்டிய தண்ணீரைப் பிடித்து வைக்கும் மண்ஜாடி உண்டாம், "தினாஹா" என்பார்களாம். அம்மா வீட்டில் ஒன்று சும்மாதான் கிடக்கிறது. எதிர்வீட்டுப் பையனுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். டிக் ஒன்றுதான் விழுந்தது.

14 மார்ச், வியாழன்

இன்று கராகஸ் தூதரகத்தில் மிச்சமிருந்த அமெரிக்கர்களும் கொடியை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மரக்கைபோவில் மூன்று நாளாகக் கடைகளை உடைத்துச் சூறையாடியிருக்கிறார்கள். பகல் பதினோரு மணிக்கு இரண்டாவது டிக் விழுந்தது. அம்மா நன்றாக இருக்கிறார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார், ரொம்ப நேரம்.

ரிலையன்ஸின் அமெரிக்கக் கிளை பெதெவெசாவோடு வியாபாரத்தை நிறுத்திவிட்டதாம், நாப்தா மாதிரி இளக்கிகள் அனுப்புவதையும்.

20 மார்ச், புதன்

புதன்தோறும் காலை 9:30-க்கு அமெரிக்க அரசின் வாராந்தர எண்ணெய் இறக்குமதிக் கணக்கு வரும். வெனிசுவேலா வரிசையில் இன்று சுழி. ஜனவரியில் கூட நாளுக்கு 5 லட்சம் பீப்பாய் வந்த வரிசை. நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, சரி, என்றார்.

மத்தியானம் அம்மா அனுப்பிய போட்டோவைக் காட்டினார். அடுப்படி ஜன்னல் பக்கம் ஈரத் துணி சுற்றிய தினாஹா, மேலே ஒரு தட்டு மூடி. எல்லை மூடியிருப்பதால் கொலம்பியாவின் மைக்காவோ பக்கம் காட்டுவழியாக நடந்து போகிற ஒருவர் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். அவரிடம் கொடுத்துவிட நாலு இன்சுலின் பேனா, ஐஸ் பை, சின்ன அட்டைப்பெட்டி. அம்மா பெயரைப் பெட்டி மேல் பெரிய எழுத்தில் எழுதித் தா, என் கை நடுங்குகிறது என்றார். மார்க்கரை வாங்கி நாலு பக்கமும் எழுதிக் கொடுத்தேன்.