யோசிக்க விடாமல் சொல்லிக் கொடுங்கள்
தலையில் அடிபட்டு ஞாபகம் குன்றியவரிடம் “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். ஊகித்துச் சொன்ன தப்பு விடை பதிந்துவிடும். நீங்கள் திருத்தியது நிற்காது. 1994-இல் உளவியலாளர்கள் பாட்லியும் வில்சனும் காட்டியது இதைத்தான்.

முதலில் விடையை நீங்களே சொல்லுங்கள்: “மாத்திரை டப்பா டிவி ஸ்டாண்டுல இருக்கு. எங்க இருக்கு?” உடனே சொல்லவையுங்கள். அப்புறம் 30 விநாடி, 1 நிமிடம், 2, 4, 8 என்று இடைவெளியைக் கூட்டி அதே கேள்வியைக் கேளுங்கள். தடுமாறினால் காத்திருக்காமல் விடையைச் சொல்லி, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்கே திரும்புங்கள்.

சென்னையில் தண்ணி லாரி ஹாரனும் குக்கர் விசிலும் சேரும் காலை நேரம் இதற்கு ஆகவே ஆகாது. டப்பா இடம் மாறினாலும் காரியம் கெட்டுவிடும். ஸ்டாண்டில் டப்பா அளவுக்கு டேப் ஒட்டி, வீடு துடைக்க வரும் அக்காவிடமும் சொல்லிவையுங்கள்.