கல்லும் மண்ணும் புல்லும்: டைக் வீதி வளவிலிருந்து

ஆகஸ்ட் 23

மேசன்மார் வேலை முடித்துப் போய்விட்டார்கள், இனி முன்வளவில் தோட்டம் போட வேண்டும். அங்கே மிச்சம் கிடப்பது கடற்கரை மணலும் ஓட்டுத் துண்டும் காய்ந்த சீமெந்துக் கட்டியும்தான். இவருக்குப் புல் வேண்டுமாம், எனக்குப் பெரிய கல் வேண்டும். மாமிக்கு இரண்டும் வேண்டாம், கூட்டிப் பெருக்கிய மண்முற்றம் போதும். “திருக்கோணமலையில இருந்துகொண்டு கல்லுக்குக் காசு குடுக்கிறீங்களோ?” என்று சிரிக்கிறா. கோணேசர் கோயில் நிற்கிற மலையே முழுக்கப் பாறை, அதனால் அவ கேட்பதும் நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் வழியில் கண்ட கல்லை ஏற்றிக்கொண்டு வர முடியாது. 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி கல் உடைக்கவும் அனுமதி வேண்டும், ஏற்றிக்கொண்டு போகவும் அனுமதி வேண்டும். முருகைக்கல்லைப் பூச்சாடிக்குப் பக்கத்தில் அடுக்கி அழகு பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். கடலில் இருக்கவேண்டியது கடலில் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 30

கந்தளாய் வீதியிலிருந்து உள்ளே திரும்பிப் போகிற ஒரு கல்குவாரிக்குப் போனோம். எங்களைக் கூட்டிப் போனவர் கிண்ணியாவைச் சேர்ந்த டிப்பர்காரர், நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். போனில் “ஒரு கியூப் பெரிய கல்” (ஒரு கியூப் என்பது நூறு கன அடி) என்று சொல்லியிருந்தால் அத்திவாரத்துக்குப் போடுகிற கல்லைக் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தோட்டத்துக்குக் கல் எடுப்பதென்றால் நேரில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், வேறு வழியில்லை.

வெடி வைத்து உடைத்த கல்லை உடனே அடையாளம் காணலாம். முகம் புதிதாக, சாம்பல் நிறத்தில், விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். சிலதில் துளை போட்ட தடம் பாதிக் குழாய் போல நீளத்துக்கு ஓடும். அதைத் தோட்டத்தில் வைத்தால் எத்தனை வருடமானாலும் குவாரிக் கல்லாகத்தான் தெரியும். எனக்குப் பிடித்தவை ஓரத்தில் ஒதுக்கிப் போட்டிருந்தவை. மேல்மண்ணை வழிக்கும்போது வந்தவையாம், வெயிலும் மழையும் பட்டு முனை மழுங்கி, ஒரு பக்கம் கறுத்து, மேலே வெளிர்பச்சைப் பாசி காய்ந்து ஒட்டியிருக்கிறது. நானா சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். கணீரென்றால் நல்ல கல், பொத்தென்று கேட்டால் உள்ளே வெடிப்பு. “இத எடுக்காதீங்க தங்கச்சி, இறக்கக்குள்ள ரெண்டாப் போயிரும்” என்று நான் ஆசைப்பட்ட ஒன்றைத் தள்ளிவிட்டார். அவருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

எடைதான் ஆளை ஏமாற்றுவது. இரண்டடி உயரமுள்ள உருண்டைக் கல் பார்க்க ஒரு முக்காலி அளவுதான், ஆனால் முந்நூறு கிலோவுக்கு மேல் வரும். மூன்றடிக்குப் போனால் ஒரு தொன்னைத் தாண்டிவிடும். அளவு ஒன்றரை மடங்கானால் எடை மூன்று மடங்குக்கும் மேல். அதனால் மூன்றடிக் கல் ஒன்று, இரண்டடியில் இரண்டு, மற்றதெல்லாம் இரண்டு பேர் தூக்கக்கூடியது என்று முடித்தோம்.

செப்டெம்பர் 6

கல் வந்தது. எங்கள் ஒழுங்கைக்குள் டிப்பர் திரும்பவே அரைமணி நேரம், பக்கத்து வீட்டு ஐயா தன் மதிலுக்குக் காவல் நின்றார். கல் தூக்கி இறக்கப் பெக்கோ இயந்திரம் பிடித்தது நல்லதாய்ப் போயிற்று, கல்லின் விலையை விட அதற்கும் டிப்பருக்கும்தான் கூடக் கொடுத்தோம். கல் வாங்க நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.

வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. மணலுக்கு மேல் அப்படியே வைத்தால் லொறியிலிருந்து தவறி விழுந்த கல் மாதிரித்தான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், கல்லில் ஓடுகிற வரிகளும் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். பாசி பிடித்த முகம் வெளியே. பெரியதைப் பெக்கோ குழிக்குள் இறக்கியதும் இவரும் பையன்களும் அலவாங்கு போட்டு நெம்பி நெம்பி, நான் வாசலில் நின்று “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கத்தி, கடைசியில் எல்லோருக்கும் என்மேல் எரிச்சல். மாமி தேத்தண்ணி கொண்டு வந்துதான் சமாதானம்.

செப்டெம்பர் 20

மண் வேலை. புல்லுக்கென்று ஒதுக்கிய இடம் முந்நூறு சதுர அடி. நாலு அங்குலத்துக்கு மண் போட்டால் நூறு கன அடி, அதாவது சரியாக ஒரு கியூப். செம்மண்ணும் கூட்டெருவும் கலந்து போட்டோம், வெறும் கடல்மணலில் தண்ணீர் நிற்காது. பாதைக்கு முக்கால் அங்குலச் சல்லி, இரண்டு அங்குலக் கனம். ஒரு கியூப் சல்லி அந்தக் கனத்தில் அறுநூறு சதுர அடி மூடும் என்பதால் எங்களுக்கு அரைக் கியூப் தாராளம்.

புல்லை இன்னும் வாங்கவில்லை. கச்சான் காற்று நின்றபாடில்லை, இந்த வெக்கையில் பதித்தால் பின்னேரத்துக்குள் ஓரமெல்லாம் சுருண்டுவிடும். அதோடு எங்கள் கிணறு கொஞ்சம் உவர். மாரி கொட்டத் தொடங்குவதற்குள் வேரும் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளம் மண்ணோடு அள்ளிக்கொண்டு போய்விடும். ஆக, ஒக்டோபர் தொடக்கம்தான் தோது.

ஒக்டோபர் 4

விடியற்காலை லொறியில் மலேசியன் புல் வந்தது, ஒரு சதுர அடித் துண்டுகளாக. வெட்டுச் சேதாரத்துக்கென்று பத்து வீதம் கூட்டி முந்நூற்று முப்பது சொல்லியிருந்தேன். மேலே இருந்தவை பச்சைப் பசேலென்று. அடுக்குக்கு நடுவில் கையை விட்டால் சூடு, அடியில் உள்ளவை மஞ்சளாகி அவித்த கீரை மணம். அடுக்கிக் கட்டிய புல் உள்ளுக்குள்ளேயே வேகும், வெட்டி ஒரு நாளுக்குள் பதிக்க வேண்டும். இவை எப்போது வெட்டியவை என்று கேட்டதற்கு விற்றவர் கடைசிவரை நேராகப் பதில் சொல்லவில்லை. பழுதானவற்றை எண்ணிக் காசைக் கழித்துத்தான் கொடுத்தோம்.

இன்னொன்று. துண்டைத் திருப்பி அடியைப் பாருங்கள். வெள்ளை வேர் பின்னிக்கொண்டு இருக்க வேண்டும். சிலதில் மிளகளவில் கறுத்த கிழங்குகள் இருந்தன, கோரை! அது ஒன்று வளவுக்குள் வந்தால் ஆயுசுக்கும் பிடுங்கிக்கொண்டே இருக்கலாம். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டிலும் அதைக் கிள்ளி எடுத்தா. புல்லே வேண்டாமென்ற ஆள்!

செங்கல் கட்டுகிற மாதிரி மூட்டு மாற்றி மாற்றிப் பதித்து, பலகை வைத்து மிதித்து, துண்டைத் தூக்கினால் கீழ்மண்ணும் நனைந்திருக்கிற அளவுக்குத் தண்ணீர் விட்டோம். டவுண் குழாய்த் தண்ணீர்தான், கிணற்றைத் தொடவில்லை.

ஒக்டோபர் 8

மான்! ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் இரவில் தெருத்தெருவாகத் திரியும். கேற் சரியாகச் சாத்தாமல் விட்டிருக்கிறோம். நுனியை மேய்ந்தது பரவாயில்லை, வேர் பிடிக்காத புல் என்பதால் இழுத்த இழுப்பில் துண்டே கிளம்பி வந்திருக்கிறது. திருப்பி வைத்து மிதித்தாயிற்று. கேற்றுக்குப் பூட்டு வாங்கினோம்.

ஒக்டோபர் 26

இரண்டு பின்னேரம் இடியோடு நல்ல மழை. பாதைச் சல்லிக்குள் தண்ணீர் நிற்காமல் இறங்குகிறது. புல்லை ஓரத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, வேர் இறங்கிவிட்டது. நாளைக்கு முதல் வெட்டு. மேலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாமென்று இவரிடம் சொல்லியிருக்கிறேன், கத்தியைத் தாழ்த்தி வழித்துவிட்டால் வெயிலில் அடி கருகும்.

அப்புறம், மாமி நானாவுக்குத் தானே போன் எடுத்திருக்கிறா. கிணற்றடிக்கு ஒரு தட்டைக் கல் வேண்டுமாம், உடுப்புத் தோய்க்க. காசு எவ்வளவென்று கேட்கவே இல்லை.