மின்னோட்டம் ஓடும்போது அளந்த ஓம்

பராமரிப்புப் பிரிவில் நான் சேர்ந்த முதல் ஆண்டில், உலர்த்தும் அடுப்பு ஒன்றின் கட்டுப்பாட்டுப் பேனலிலிருந்து தீய்ந்த வாடை வருவதாகப் புகார் வந்தது. 230 வோல்ட்டில் 6 கிலோவாட் எடுக்கும் ஹீட்டர் அது. இரண்டு முனைகள் (தனித்தனித் தொடுபாதைகள்) கொண்ட கான்டாக்டர், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச் ஒன்றின் வழியாக அதற்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கான்டாக்டரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரண்டு முனைகளையும் பார்த்தேன். இரண்டிலுமே 0.3 ஓம் காட்டியது. ஸ்க்ரூக்களை ஒரு முறை இறுக்கிவிட்டு, குறை ஏதும் இல்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். மூன்றாம் நாள் அதே வாடை மறுபடியும் வந்தது.

என் மேற்பார்வையாளர் பதிவேட்டைப் படித்துவிட்டு, "தம்பி, மீட்டரின் இரண்டு ப்ரோபையும் ஒன்றோடொன்று தொட்டுக் காட்டுங்கள்" என்றார். தொட்டேன். 0.3 ஓம். அதாவது நான் அளந்தது மீட்டர் ஒயர்களின் தடையைத்தான். கான்டாக்டரின் தடை அந்த எண்ணுக்குள் எங்கோ கரைந்து போயிருந்தது. மல்டிமீட்டர் தன் சிறிய பேட்டரியிலிருந்து அனுப்பும் மின்னோட்டம் மிகக் குறைவானது என்பதும், அதைக் கொண்டு ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கைப் பிரித்தறிய முடியாது என்பதும் எனக்கு அன்றுதான் உறைத்தது.

பிறகு அவரே காப்புக் கையுறை அணிந்து, ஹீட்டரை ஓடவிட்டு அளந்து காட்டினார். மீட்டரை அவர் மில்லிவோல்ட்டுக்குத் திருப்பாமல் வோல்ட் நிலையிலேயே வைத்திருந்தார். அளக்கும் நேரத்தில் கான்டாக்டர் விடுபட்டுவிட்டால் முழு 230 வோல்ட்டும் அந்த இரண்டு ப்ரோபுக்கு இடையில் வந்து நிற்கும் என்பதே காரணம். ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 25.6 ஆம்பியர் காட்டியது. முதல் முனையின் உள்ளே வரும் பக்கத்துக்கும் வெளியே போகும் பக்கத்துக்கும் இடையே 0.04 வோல்ட், இரண்டாவது முனையில் 1.2 வோல்ட்.

கணக்கைப் போடும் வேலையை என்னிடம் விட்டார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும் என்பது ஓம் விதி. 0.04 வோல்ட்டை 25.6 ஆம்பியரால் வகுத்தால் ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு, 1.2 வோல்ட்டை அதே 25.6 ஆல் வகுத்தால் 0.047 ஓம், அதாவது முப்பது மடங்கு. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன் கிடைக்கும்: முதல் முனையில் சுமார் ஒரு வாட், இரண்டாவதில் ஏறத்தாழ 31 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பம் முழுவதும், விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு தொடுபரப்பில், பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டு நாள் முழுக்க வெளியாகிக்கொண்டிருந்தது. கான்டாக்டரைப் பிரித்தபோது அந்த முனையின் வெள்ளித் தொடுபரப்பு கறுத்துக் குழி விழுந்திருந்தது. பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பேறி நொறுங்கும் நிலையில் இருந்தது. 0.047 என்பது காகிதத்தில் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும் எண். ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியோடு வளர்கிறது என்பதை இயற்பியலாளர் ஜூல் 1841-இலேயே காட்டிவிட்டார். இதே முனையில் 5 ஆம்பியர் மட்டும் ஓடியிருந்தால் ஒன்றேகால் வாட்டுக்கும் குறைவாகத்தான் வந்திருக்கும், வாடையும் வந்திருக்காது.

இந்த முறையில் ஒரு நிபந்தனை உண்டு: வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே இடத்துக்கும் ஒரே நேரத்துக்கும் உரியவையாக இருக்க வேண்டும். பேனலில் எடுத்த வோல்ட்டை, பத்து நிமிடம் கழித்து ஹீட்டர் அருகே எடுத்த ஆம்பியரோடு சேர்த்து வகுத்து, இல்லாத குறையைத் தேடி நானே அரை நாள் அலைந்திருக்கிறேன். 1827-இல் தம் விதியை நூலாக வெளியிட்ட இயற்பியலாளர் ஓம் கூட, மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காததால் அவற்றை விட்டுவிட்டு, ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருக்கும் பிஸ்மத்–செம்பு வெப்ப இணையை (வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் உலோக இணையை) பயன்படுத்தித்தான் தம் அளவுகளை எடுத்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அவர்மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

வகுத்து வரும் எண்ணை எங்கும் அப்படியே மின்தடை என்று எழுதிவிடவும் முடியாது. 60 வாட் இழை விளக்கு எரியும்போது கணக்கிட்டால் சுமார் 880 ஓம் வரும். அணைத்து ஆறவிட்டு மீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது, ஏனெனில் டங்ஸ்டன் சூடாகச் சூடாகத் தடை ஏறுகிறது. மோட்டாரில் வேறு விதமான சிக்கல். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் ஒற்றைக் கட்ட மோட்டாருக்கு 46 ஓம் என்று கணக்கு சொல்லும், சுருளை அளந்தாலோ சில ஓம்கள்தான் இருக்கும். பெருக்கி வரும் 1150-உம் வாட் ஆகாது, திறன் காரணி (அந்தப் பெருக்கலில் உண்மையான திறனாகும் பங்கு) 0.75 என்றால் உண்மையான திறன் 860 வாட்டை ஒட்டியே இருக்கும். ஹீட்டரைப் போலத் தடை மட்டுமே உள்ள சுமைகளுக்குத்தான் அந்த எளிய வகுத்தலும் பெருக்கலும் மாறுதல் இன்றிப் பொருந்தும்.

கான்டாக்டரை மாற்றிய பிறகு இரண்டு முனைகளையும் மறுபடி அளந்தோம், இரண்டிலும் 0.04 வோல்ட்டுக்கு மேல் போகவில்லை. 'குறை ஏதும் இல்லை' என்று நான் எழுதியிருந்த வரியை மேற்பார்வையாளர் அடிக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழேயே தேதியும் நேரமும் போட்டு, எந்த முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட், அப்போது ஓடிய ஆம்பியர் எவ்வளவு என்று எழுதச் சொன்னார். இன்றுவரை என் பதிவேட்டில் ஓம் என்ற கட்டத்துக்கு முன்னால் அந்த இரண்டு கட்டங்களும் இருக்கின்றன.