தலவாக்கலை குளிர்ல பல்லி முட்டைக்கு ஒரு சூட்டுப் பெட்டி

மே 16
பொட்டைக்கு வயித்துல ரெண்டு முட்டை வெள்ளையா தெரியுது, டார்ச் கூட தேவையில்ல, தோல் அவ்வளவு மெல்லிசு. லெபர்ட் கெக்கோன்னு வீட்ல வளக்குற ஒரு பல்லி. கொழும்பு கூட்டாளி வெளிநாடு போறப்ப ஜோடியா குடுத்துட்டுப் போனான். இதுகளோட சொந்த ஊர் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து காஞ்ச பூமி, இங்கயோ மழை புடிச்சிருச்சு, ராத்திரி ரூமுக்குள்ளயே 15 டிகிரி. முட்டைக்கு 28 வேணும். ரெடிமேட் இன்குபேட்டர் விலைய விசாரிச்சேன், விசாரிச்சதோட சரி.

அப்பாயிக்கு இது பல்லிதானான்னே இன்னும் நம்பிக்க வரல. "செவுத்துல ஏறாதது என்னடா பல்லி?" இதுக்கு வெரல்ல ஒட்டுற பட்டை கிடையாது, கண்ணுக்கு இமை வேற இருக்கு, மூடித்தான் தூங்கும்.

மே 17
டவுன் மீன் கடையில மூடியோட ஒரு ரெஜிபோம் (தெர்மகோல்) பெட்டி வாங்கினேன். சோப்பு போட்டு தேச்சு தேச்சு கழுவியும் சூரை மீன் வாடை போகல, வெயில் எங்க இருக்கு, அடுப்படியில வச்சுத்தான் காய வச்சேன்.

உள்ள நாலு இஞ்சி தண்ணி, தண்ணிக்குள்ள மீன் தொட்டிக்கு போடுற 50 வாட் ஹீட்டர், ரெண்டு செங்கல், செங்கல் மேல முட்டை டப்பா, அவ்வளவுதான். நெறைய பேர் பல்ப் போட்டு செய்றாங்க, எனக்கு அது சரியா படல. பல்ப் அணைஞ்சா காத்து உடனே ஆறிடும், தண்ணி அப்படி ஆறாது, நம்ம ஊர்ல மழைக்காலத்துல கரண்ட் எப்ப போகும்னு யாருக்கு தெரியும். ஒண்ணு மட்டும், ஹீட்டர் கண்ணாடி முழுசா தண்ணிக்குள்ள இருக்கணும், வெளிய நீட்டிக்கிட்டு சூடானா வெடிச்சிரும்.

சூட்ட கட்டுப்படுத்த டபிள்யூ1209ன்னு ஒரு சின்ன போர்டு, 12 வோல்ட் அடாப்டர்ல ஓடும். பி0ங்கிற செட்டிங்ல எச் போட்டாத்தான் சூடாக்கும், சி போட்டா குளிராக்குறதுக்கு. எவ்வளவு சூடு மாறினா திரும்ப ஹீட்டர போடணும்ங்கிறது பி1, அதுல 2 டிகிரி வித்தியாசம் போட்டு வருது, அத 0.5க்கு இறக்கிட்டேன். சென்சார தண்ணியில போடாம முட்டை வைக்கப் போற எடத்துக்கு பக்கத்துல ஒட்டினேன், நமக்கு தெரிய வேண்டியது முட்டை சூடுதானே. ஹீட்டர போட்டு அணைக்கிற சுவிட்ச், அதான் ரிலே, அது பக்கம் 230 வோல்ட் திறந்து கெடக்கும், அதனால வயரிங் வேல செய்ற மாமாவ கூட்டிட்டு வந்து ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ்ல அடைச்சாச்சு. மாமா முதல்ல பாத்தது கரண்ட் கசிஞ்சா தானா அணையுற எங்க வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேல செய்யுதான்னுதான்.

மே 18
போட்டுருச்சு! ஈரத் தென்னந்தும்புக்குள்ள பொதைச்சு வச்சிருந்திச்சு. வீட்டுப் பல்லி முட்டை மாதிரி கெட்டி ஓடு இல்ல, தோல் மாதிரி, தொட்டா லேசா அமுங்குது. எடுக்க முன்னாடியே மேல பக்கத்துல பென்சில்ல ஒரு புள்ளி வச்சேன், ஏன்னா கொஞ்ச நேரத்துலயே கரு மேல வந்து ஒட்டிக்கும், அப்புறம் பொரட்டுனா செத்துரும்.

இதுதான் அப்பாயிக்கு ஏறவே இல்ல. "கோழியே தெனம் காலால உருட்டுதுடா, உருட்டாத முட்டை கூமுட்டையாத்தான் போகும்." கோழிக்கு அது சரிதான் அப்பாயி, இதோட அம்மா பொதைச்சிட்டு போயிரும், திரும்பிக் கூட பாக்காதுன்னேன். "அது என்ன தாயி?"ன்னு ஒரே கேள்வி.

முட்டை பாதி பொதையுற அளவுக்கு பெர்லைட், செடி வளக்க போடுற வெள்ளைத் துகள். பொலிடனல்ல, அதான் பிளாஸ்டிக் கூடாரத்துல, ஸ்ட்ராபெரி போடுற அண்ணன்கிட்ட ஒரு பை கேட்டு வாங்கினேன். எடைக்கு எடை தண்ணி சேத்தேன், கையில புடிச்சு அழுத்துனா சொட்டக் கூடாது.

சாயந்தரம் இடி. பெட்டிக்குள்ள பாத்தா ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் கெடக்கு, அப்பாயி வேல, கோழிய அடை வைக்கிறப்ப இடிக்கு வைக்கிறது. ஆணிய தண்ணியில இருந்து எடுத்து மூடி மேல வச்சேன், அப்பாயிக்கும் சரி எனக்கும் சரி.

மே 21
28.0, 28.4, 27.9. மூடியில ஆவி படிஞ்சு சொட்டு நேரா முட்டை மேல விழுதுன்னு ஒரு பக்கம் அட்டைய மடிச்சு வச்சு மூடிய சாய்ச்சிட்டேன், இப்ப ஓரமா வழிஞ்சு எறங்குது. ஏன் 28? 26ல இருந்து 28 வரைக்கும் வச்சா அநேகமா பொட்டைதான் வரும், 32 பக்கம் போனா கெடா கூடும், அதுக்கும் மேல போனா திரும்பவும் பொட்டை. எனக்கு பொட்டை போதும், ரெண்டு கெடாவ ஒண்ணா போட்டா அடிச்சுக்கும்.

மே 30
லைட் எல்லாம் அணைச்சிட்டு, எடுக்காமலே பக்கத்துல போன் டார்ச் புடிச்சேன். ஒண்ணுல ரோஸ் நிறத்துல மெல்லிசா நரம்பு ஓடுது. மத்தது வெறும் மஞ்சள். அது கூமுட்டைதான்னு நெனைக்கிறேன், பூஞ்சை புடிக்கிற வரைக்கும் இருக்கட்டும்.

ஜூன் 11
சவுக்கு மரம் லைன் மேல சாஞ்சு நேத்து ராத்திரி முழுக்க கரண்ட் இல்ல. பெட்டிய ரெண்டு கம்பளியால சுத்தி, அப்பாயி வெறகடுப்புல தண்ணி சுட வச்சுத் தர, போத்தல்ல ஊத்தி ஓரமா மாத்தி மாத்தி வச்சோம். விடியக்காலையில 24. கொஞ்ச நேரம் குளிந்தா பெருசா ஒண்ணும் ஆகாது, பொரிக்கிறதுதான் பிந்தும், சூடு ஏறிப் போறதுதான் ஆளைக் கொல்லும். அதனால போத்தல் எதையும் டப்பாவுல பட விடல.

ஜூன் 24
பக்கத்து லயத்து பொடியன், தோட்டத்துல முள்ளுக் கரண்டியால மண்ண குத்துறப்ப உள்ள கெடந்துச்சுன்னு ஓணான் முட்டைய தொப்பியில அள்ளிட்டு வந்து நிக்கிறான், "அண்ணே இதையும் வைங்க." ஏலாதுடா. காட்டு உசுருக்கெல்லாம் 1937லயே சட்டம் வந்தாச்சு, அதோட அந்த முட்டைக்கு நம்ம மண்ணு சூடே போதும். கூட்டிட்டுப் போய் எடுத்த குழியிலயே வச்சு மூடினோம், பொரண்டிருச்சான்னு தெரியல. வர்ற வழியில அவனுக்கு ஹோர்டன் சமவெளி பக்கம் பாசி புடிச்ச மரத்துல இருக்கிற குட்டி ஓணான் கதைய சொன்னேன், அது முட்டையே போடாது, வயித்துக்குள்ளயே வச்சிருந்து குட்டியா போடும், அந்தக் குளிருக்கு அதுதான் வழி. "அப்ப அதுக்கு பெட்டி வேணாம்"னான்.

ஜூலை 14
மஞ்ச முட்டை போன மாசமே பூஞ்சை புடிச்சு சுருங்கிருச்சு. நல்லது முந்தாநாள்ல இருந்து வேர்த்து ஒரு பக்கம் குழிஞ்சு கெடந்துச்சு. இன்னைக்கு காலையில ஒரு கீறல், கீறல்ல மூக்கு. ரொம்ப நேரம் அப்படியே மூச்சு வாங்கிட்டு, மதியம் சாப்பிட்டு வந்து பாக்கிறதுக்குள்ள வெளிய வந்திருச்சு. கறுப்பு மஞ்ச பட்டை, வால் குண்டு. அப்பாயி பக்கத்துல போய் பாத்தாங்க, வாயத் தொறந்து கீச்சுன்னு கத்திச்சு பாருங்க.

ஜூலை 18
முதல் தோல் உரிச்சு, உரிச்சத அதுவே தின்னுருச்சு. அது வரைக்கும் சாப்பாடு தேவையில்ல, வயித்துல இருக்கிற மஞ்சக்கருவே போதும். நாளைக்கு கால்சியம் பவுடர் தூவி சின்ன சில்வண்டு குடுத்துப் பாக்கணும். அப்பாயி கோழி முட்டை எட்டு எடுத்து வச்சுக்கிட்டு பெட்டி எப்ப காலியாகும்னு கேக்குறாங்க. கோழிக்கு 37.5 வேணும், உருட்டவும் வேணும். உருட்டுறது அவங்க வேல.