மழையில் நின்ற பவர் டில்லர்: தண்ணீர் போன வழியைத் தேடிப் பழுது பார்த்தது

வண்டி, படுக்கைவாக்கில் சிலிண்டர் வைத்த 13 எச்பி டீசல் பவர் டில்லர், ஹேண்டிலைப் பிடித்து உழும் இரு சக்கர இயந்திரம். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் ஒரு தென்னவிளையில் ஓலைக்கூரை சரிந்த பிறகு நான்கு வருடம் வெட்டவெளியில் நின்றது. சைலன்சர் வாயில் மூடி இல்லை. ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டால் இம்மியும் அசையவில்லை.

முதல் தடவையாக ஒரு பழைய இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டிப் பழக நினைப்பவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம். ஒரே பிஸ்டன், கைச்சுற்று, கண்ணுக்குத் தெரியும் கியர். நம் பக்கத்தில் ஓடுபவை பெரும்பாலும் கேரளத்து அத்தாணியில் செய்யும் காம்கோவும் பெங்களூரு வி.எஸ்.டி.யும்தான். அதனால் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் சீல், பேரிங், பிஸ்டன் ரிங் செட்டுக்கு நாகர்கோவிலைத் தாண்ட வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது வார்ப்பு உடைந்திருக்கிறதா என்பதுதான். எஞ்சின் உடலான கிராங்க் கேஸிலோ கியர் பாக்ஸைப் பூட்டும் காதிலோ விரிசல் இருந்தால் விட்டுவிடலாம். எஞ்சின் ஜாம் ஆகி நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. குளச்சல், முட்டம் பக்கமென்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் உப்புத்தாளும் பெயிண்ட் டப்பாவும் வாங்கும் முன் தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அந்த வழியை அடைக்காமல் செய்யும் எந்த வேலையும் அடுத்த மழைவரைக்கும்தான்.

முதல் நாள் ஸ்பேனர் பட்டது ட்ரெயின் போல்ட்டுகளில் மட்டும். எஞ்சின், கியர் பாக்ஸ், மண்ணை வெட்டும் ரோட்டரியின் கேஸ் மூன்றின் ஆயிலையும் தனித்தனி வெள்ளை பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வைத்தோம். எஞ்சின் ஆயிலில் அடியில் இரண்டு விரல் தண்ணீர். கியர் பாக்ஸில் வந்தது மோர் நிறம், காலையிலும் பிரியவில்லை. தண்ணீரோடு கியர் சுற்றி ஓடியிருந்தால்தான் ஆயில் இப்படிக் கலங்கும். ஆக, நிறுத்தி வைப்பதற்கு முன்பே, வயலில் ஓடிய காலத்திலேயே, சீல் போயிருக்கிறது. ரோட்டரி கேஸில் ஆயில் பேருக்கு, மீதி சேறு.

ஸ்பேனரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பான் வடிவமைப்பிலிருந்து வந்த வண்டிகளில் 8 மி.மீ. போல்ட்டின் தலை பல இடங்களில் 12 தான், 13 இல்லை. 13-ஐப் போட்டுத் திருகினால் துருப்பிடித்த தலை வழுக்கி உருண்டுவிடும். அறுமுனை பாக்ஸ் ஸ்பேனர் 12, 14, 17 கையில் இருந்தால் போதும்.

பிஸ்டன் பிடித்துக்கொண்ட எஞ்சினில் எல்லாரும் செய்வது, டீசலைப் பீச்சும் நாசிலைக் கழற்றி மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு வாரம் காத்திருப்பது. செங்குத்து சிலிண்டருக்கு அது சரி. படுக்கை சிலிண்டரில் ஊற்றியது அடிப்பக்கத்தில் மட்டும் தேங்கும். ரிங்கின் மேல்பாதி நனையவே நனையாது. முன்பக்கத்தைத் தூக்கி, ஹெட் மேலே பார்க்கும்படி மரக்கட்டை அண்டைக் கொடுத்து, டயருக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஊற்ற வேண்டும். டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஏடிஎஃப் ஆயிலும் சமபங்கு கலந்து 150 மி.லி. விட்டோம். தினம் பார்த்து, இறங்கிய அளவுக்கு மீண்டும் ஊற்றியது. இறங்குவது நல்ல அறிகுறி, ரிங்கைத் தாண்டிப் போகிறது என்று பொருள்.

இந்த நாட்களில் ஃப்ளைவீலைத் தொடவில்லை. காரணம் வால்வு. சைலன்சர் வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் முதலில் நிற்பது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வில். அதன் தண்டு, அது ஓடும் கைடு குழலில் துருப்பிடித்து நின்றிருக்கும்போது எஞ்சினைச் சுற்றினால் வால்வை இயக்கும் புஷ் ராடு வளையும். திறந்தபடி நிற்கும் வால்வில் பிஸ்டனும் போய் முட்டலாம். வால்வுகளுக்கு மேலுள்ள ராக்கர் மூடியைத் திறந்து, பித்தளைத் துண்டு வைத்து வால்வு முனையில் மெதுவாகத் தட்டிப் பார்த்தோம். காற்று நுழையும் இன்லெட் வால்வு துள்ளித் திரும்பியது. எக்ஸாஸ்ட் உள்ளே போய் அங்கேயே நின்றது. ஹெட்டைக் கழற்றியே தீர வேண்டும் என்பது அப்போது உறுதியானது.

ஹெட் கழன்று வந்ததும் சிலிண்டரின் உள்சுவரான லைனரில் தெரிந்தது பிஸ்டன் நின்ற இடத்தில் ஒரு பழுப்பு வளையம். ஒன்பதாம் நாள் பிஸ்டன் முகத்தில் வேப்பங்கட்டையை வைத்து மர மல்லெட்டால் தட்டியபோது, ஃப்ளைவீலில் சுண்ணாம்புக்கட்டியால் போட்டிருந்த கோடு ஒரு நூல் நகர்ந்தது. அங்கிருந்து முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே திசையில் நீளக் கம்பி போட்டு நெம்பியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும், ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பும் உடைந்திருக்கும்.

துரு வளையத்தை நகத்தால் வருடிப் பார்ப்பதுதான் சோதனை. நகம் மாட்டினால் லைனர் மாற்ற வேண்டும். இதில் மாட்டவில்லை, 220 எண் ஹோனிங் கல்லில் குறுக்குக்கோடு விழும்படி தேய்த்ததோடு முடிந்தது. ரிங் புதிது. பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு ரிங்கையும் தனியாக லைனருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளக்க வேண்டும். வி.எஸ்.டி. 130 டிஐ போன்ற 95 மி.மீ. சிலிண்டருக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. நல்ல அளவு. ரிங் வாய்கள் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி இருக்கட்டும், எதுவும் நேர் கீழே வர வேண்டாம். ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் மூன்று தடவையாக இறுக்கி, ஒருமுறை சூடேறி ஆறிய பின் மறுபடி பார்க்க வேண்டும். வால்வு கிளியரன்ஸ் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.25 மி.மீ. வைத்தோம்.

டேங்க் வேலை எளிது. 10 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ சிட்ரிக் அமிலம், ஓர் இரவு. பிறகு சலவை சோடாத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, காய்ந்த கையோடு ஒரு டம்ளர் டீசல் விட்டுக் குலுக்க வேண்டும். அரை நாள் சும்மா விட்டால் புதுத்துரு பூத்துவிடும். நாசிலை டீசல் பம்பு பழுது பார்க்கும் கடையில் கொடுத்துப் பிரஷர் பார்த்தது. அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலை நீட்டக் கூடாது.

டீசல் பம்பைக் கழற்றுபவர்கள் இரண்டு விஷயத்தில் தவறுகிறார்கள். ஒன்று, பம்புக்கும் பாடிக்கும் நடுவே உள்ள மெல்லிய ஷிம் தகடுகள். டைமிங் இருப்பதே அவற்றில்தான். ஒன்று கூடினால் டைமிங் பிந்தும், குறைந்தால் முந்தும். எத்தனை வந்ததோ அத்தனையும் திரும்பப் போக வேண்டும். மற்றது அதைவிட முக்கியம். பம்பின் பக்கவாட்டில் பட்டாணி அளவுக்கு ஒரு சிறிய முளை இருக்கும். அது உள்ளே, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கவையின் இரு விரலுக்கு நடுவே உட்கார வேண்டும். வெளியே உட்கார்ந்தாலும் பம்பு அழகாகப் பொருந்திவிடும், போல்ட்டும் ஏறிவிடும். ஸ்டார்ட் ஆன கணமே எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும், ஆக்ஸிலேட்டரைக் குறைத்தாலும் கேட்காது. பூட்டிய பின் ஆக்ஸிலேட்டரை அசைத்து, முளையும் கூடவே நகர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். அப்படியும் முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் கிளீனரைக் கழற்றி, காற்று வாயை அடைக்க ஒரு பலகையுடன் ஓர் ஆள் நிற்க வேண்டும். கையால் பொத்தக் கூடாது.

கியர் பாக்ஸை இரண்டு முறை டீசல் விட்டுக் கழுவினோம். அச்சு சீலைக் கழற்றியபோதுதான் மூல காரணம் தெரிந்தது. அச்சைச் சுற்றி வாழைநாரும் தேங்காய் நாரும் ஒரு துண்டு நைலான் கயிறும் முறுகி, கயிறு திரித்தது போல இறுகி, சீலின் உதட்டை அறுத்திருந்தன. ஏத்தவாழை (நேந்திரன்) தோட்டத்தில் தண்டு மிதிபட ஓட்டும் வண்டிகளுக்கு இது சாதாரணம். ரோட்டரியிலும் இதே கதிதான். நாள் முடிவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, அரிவாள் முனையால் நாரை அறுத்தெடுக்கும் ஐந்து நிமிஷம் ஒரு சீல் செட்டைக் காப்பாற்றும்.

புது சீல் வாங்கப் பழையதன் முகத்தில் உள்ள மூன்று எண் போதும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும். அச்சில் பழைய உதடு உழுத பள்ளம் இருந்தால் புது சீலும் அதே இடத்தில் ஒழுகும். இடமிருந்தால் 2 மி.மீ. உள்ளே தள்ளி அடித்து, உதடு புது இடத்தில் உட்காரச் செய்யலாம். இடமில்லாவிட்டால் லேத்தில் ஸ்லீவ் போட வேண்டியதுதான். வலது அச்சில் தள்ளி அடித்தோம்.

பெல்ட் முழு செட்டாக மாறியது. ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதே முழு பாரத்தையும் இழுத்து அறுந்துபோகும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. இறங்க வேண்டும். ரோட்டரி பிளேடுகளைக் கழற்றும் முன் அட்டையில் இடது, வலது வரிசையை வரைந்துகொள்ள வேண்டும். திருப்பிப் போட்ட பிளேடு மண்ணை வெட்டாமல் வண்டியைத் தூக்கி எறியும். பெயிண்ட் கடைசியாக, அதுவும் ஒரு கோட்டுதான்.

டீசல் வழியில் தங்கிய காற்றை எடுப்பது டேங்கிலிருந்து வரிசையாக: ஃபில்டர், பம்பு, கடைசியில் நாசில் பைப். பைப் நட்டைத் தளர்த்தி, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துச் சுற்றியபோது முதலில் நுரை, பிறகு தெளிந்த டீசல். நட்டை இறுக்கிய பின் நாலாவது சுற்றில் பிடித்தது. பத்து நிமிஷம் பாரமில்லாமல் ஓட்டி நிறுத்தி ஆயில் பார்த்தது. ஐந்து மணி நேர ஓட்டத்துக்குள் அந்த எஞ்சின் ஆயிலை இறக்கிவிட வேண்டும், ஊறவைத்த டீசலின் மிச்சமும் ஹோனிங் தூளும் அதில்தான் இருக்கும்.

சமதளத்தில் ஓட்டிப் பழகியவர்கள் குலசேகரம், அருமனைப் பக்கத்து மரச்சீனி விளைச் சரிவில் இறங்கும்போது கவனிக்க வேண்டியது ஸ்டியரிங் கிளட்ச், அதாவது ஒரு பக்கச் சக்கரத்துக்கு எஞ்சின் பிடியை விடுவிக்கும் லீவர். சமதளத்தில் இடது லீவரைப் பிடித்தால் வண்டி இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் எஞ்சின் பிடி விட்ட இடது சக்கரம் வேகமாக உருள்வதால் வலது பக்கம் திரும்பும். இறக்கத்தில் லீவரைத் தொடாமல் ஹேண்டிலைத் தள்ளித் திருப்புவதே பாதுகாப்பு. ரிவர்ஸில் ரோட்டரி சுற்றாதபடி தடுக்கும் பூட்டு இருந்தால், அதை யாரும் முன்பு கழற்றிவிட்டார்களா என்றும் பார்க்க வேண்டும். இதில் கழற்றியிருந்தது. திரும்பப் போட்டாயிற்று.

இப்போதைய நிலை: எஞ்சின் மூன்று மணி நேரம் ஓடியிருக்கிறது, காலையில் ஒரே சுற்றில் பிடிக்கிறது. சைலன்சர் வாயில் தகர மூடி ஏறிவிட்டது. இடது அச்சின் கீழே வைத்த அட்டையில் ஓர் இரவுக்கு மூன்று சொட்டு. அந்தப் பக்கப் பள்ளம் ஆழம், சீலைத் தள்ளி அடிக்க இடமில்லை. அச்சு லேத்துக்குப் போய் ஸ்லீவ் ஏறி வந்த பிறகே சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்டி, இரண்டாம் போக நெல்லான கும்பப்பூ நடவுக்கு வயலில் இறங்கும்.