சந்தா கட்டியவர்களும் கட்ட முடியாதவர்களும்

சென்னைக்கு மேற்கே உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் வேலை செய்தேன். அவற்றில் ஆறு ஆண்டுகள் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தேன். சங்கத்தால் என்ன பயன் என்று கேட்டால் பலரும் சம்பள உயர்வைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு நினைவுக்கு வருவது ஓர் உள்விசாரணை. பிரஸ் இயந்திரத்தின் பாதுகாப்பு சென்சார் பழுதாகியிருந்த ஓர் இரவு ஷிஃப்டில், அதைச் சரிசெய்யாமல் இயந்திரத்தை ஓட்ட மாட்டேன் என்று மறுத்த தோழருக்கு, கீழ்ப்படியவில்லை என்று மெமோ கொடுத்தார்கள். விசாரணையில் அவருக்குத் துணையாக நான் அமர்ந்து, அந்தப் பழுது மூன்று நாள் முன்பே பராமரிப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்ததை எடுத்துக் காட்டினேன். மெமோ திரும்பப் பெறப்பட்டது, சென்சாரும் மாற்றப்பட்டது. தனியாகப் போயிருந்தால் அவர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு அதே இயந்திரத்தில் போய் நின்றிருப்பார்.

இந்தத் துணை எளிதில் கிடைத்ததல்ல. 1918 ஏப்ரலில் பி. பி. வாடியா, திரு. வி. க. முதலானோர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய காலத்தில், சென்னையின் பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளுள் ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. 1920இல் ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றத்தை நாடி, வாடியா உள்ளிட்ட தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றது. சங்கம் நடத்துவதற்கே சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகுதான் வலுத்தது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. இருந்தும், 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் முதன்மையான கோரிக்கை தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பதாகவே இருந்தது; உயர்நீதிமன்றம் வரை சென்ற பிறகு, 2025 ஜனவரியில்தான் அச்சங்கம் பதிவு பெற்றது.

குறைகளும் உண்டு. கட்சிக்கொரு சங்கமாகப் பிரிந்து நிற்பதும், பொறுப்புக்கு வந்தவர்கள் அதை விட்டு இறங்க மறுப்பதும், நீண்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளியின் வீடு கடனில் மூழ்குவதும் எல்லோரும் அறிந்தவை. இவற்றைவிட என்னை உறுத்துவது, சங்கம் யாரைத் தன்னவர் என்று எண்ணுகிறது என்பதே. 1921இல் அதே பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் மோதல் வெடித்து, குடிசைகள் எரிந்தன. வேலைக்குத் திரும்பியவர்களைத் துரோகிகள் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால், வெளியே தங்களைச் சமமாக நடத்தாதவர்களோடு சேர்ந்து பசியைத் தாங்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்கும் தகுதியைச் சங்கம் அதற்கு முன் சம்பாதித்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் ஆலையில் தன்னவரையும் பிறரையும் பிரிக்கும் அந்தக் கோடு வேறு இடத்தில் விழுந்தது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை தொழிலாளர் துறை அலுவலர் முன்னிலையில், தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவின்படி ஊதிய ஒப்பந்தம் போடுவோம். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு உயர்வு கிடைக்கும். அதே வரிசையில் அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர் அதில் இருக்காது. நான் கையெழுத்திட்ட கடைசி ஒப்பந்தத்தன்று வாயிற்கூட்டத்தில் இனிப்பு கொடுத்தோம். என் பக்கத்து இயந்திரத்தில் ஏழு ஆண்டுகளாக நின்ற தம்பி இனிப்பை வாங்கிக்கொண்டு, "அண்ணா, இதில் எங்களுக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்களையும் உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தேன். அவர்களுக்கும் பங்கு கேட்டால் நமக்குக் கிடைப்பது குறையும் என்ற அச்சத்தால் அது தோற்றது. அந்த அச்சம் தவறானது என்று நான் அன்றே சொன்னேன்: குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும்வரை நிரந்தர வேலை ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டுதான் இருக்கும், எங்கள் ஆலையிலும் ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் அப்படித்தான் நிரப்பப்பட்டன.

சென்ற மாதம் அந்தத் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். ஒப்பந்தத் தொழிலாளர்கள் தாங்களே ஒரு சங்கம் பதிவு செய்ய விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லி, விதிமுறைகளின் வரைவைப் பார்த்துத் திருத்தித் தரும்படி கேட்டார். இந்த வாரம் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.