ஸ்லெட் இழுக்க எந்த கியர்? லோ 2, லோ 3, லோ 4 போட்டுப் பார்த்தது

எடை ஏற்றிய ஸ்லெட்டைப் பிக்கப் டிரக்கால் யார் அதிகத் தூரம் இழுப்பது என்ற போட்டி பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் குதிரைசக்தி, டர்போ, டயர் என்றுதான் போகும். கியரைப் பற்றிக் கேட்டால் "லோ 3 போடு, போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். லோ 3 என்றால், கியர்பாக்ஸுக்கு அடுத்து வந்து நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை லோ ரேஞ்சில் வைத்து மூன்றாவது கியர் போடுவது. ஏன் லோ 3 என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம். சரி, நாமே பார்த்துவிடலாம் என்று இந்தக் கோடையில் அமெரிக்காவின் ஒஹையோவில் நடக்கும் கவுண்டி ஃபேர்களில் (மாவட்டத் திருவிழாக்கள்) ஸ்டாக் டீசல், அதாவது பெரிதாக மாற்றாத டீசல் வண்டிகளின் வகுப்பில் பெயரைக் கொடுத்து, வேறு வேறு கியரில் இழுத்துப் பார்த்தேன்.

வண்டி 2003 டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர் கம்மின்ஸ், 305 குதிரைசக்தி, 6 கியர் மேனுவல், ஆக்சில் கியர் விகிதம் 3.73. டயர்கூட கம்பெனி கொடுத்த 265/70 ஆர்17 அளவுதான். எதையும் மாற்றவில்லை. ஒன்றை மாற்றினால் பலன் கியரால் வந்ததா அதனால் வந்ததா என்று தெரியாமல் போய்விடும்.

ஸ்லெட்டைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் சக்கரம், முன்பக்கம் தரையில் உரசிக்கொண்டு வரும் இரும்புத் தட்டு, மேலே எடை ஏற்றிய பெட்டி. கிளம்பும்போது பெட்டி பின்சக்கரங்களுக்கு மேல் இருக்கும். ஸ்லெட் நகர நகர, அதன் சக்கரச் சுழற்சியே பெட்டியை முன்னால் இழுத்து வரும். எடை தட்டின் மேல் ஏற ஏற உரசல் கூடிக்கொண்டே போகும். முதல் 100 அடி பெரிதாக ஒன்றும் தெரியாது. 200 அடிக்கு மேல்தான் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது தெரியும். 300 அடியைத் தாண்டினால் ஃபுல் புல், அதாவது முழுத் தூரமும் இழுத்தாயிற்று.

நடுவழியில் கியர் மாற்றலாம் என்ற நினைப்பே கூடாது. கிளட்சை மிதித்த அந்த அரை நொடியில் ஸ்லெட் வண்டியை நிறுத்திவிடும். 250 அடியில் என்ஜின் எந்தச் சுழற்சியில் இருக்க வேண்டும் என்பதைக் தொடக்கக் கோட்டில் நிற்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

போவதற்கு முன் கணக்குப் போட்டேன். இந்த என்ஜின் முழு சக்தியைக் கொடுப்பது 2900 ஆர்பிஎம்மில். டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் விகிதம் 2.72. இரண்டாவது கியர் 3.38, மூன்றாவது 2.04, நான்காவது 1.39. எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால் 2900 ஆர்பிஎம்மில் லோ 2 மணிக்கு 13 கிலோமீட்டர், லோ 3 சுமார் 21, லோ 4 சுமார் 31. ஐந்தில் ஒரு பங்கு சக்தி வழியில் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வேகங்களில் சக்கரத்துக்கு வரக்கூடிய இழுவிசை கிட்டத்தட்ட 5 டன், 3 டன், 2 டன். வண்டியின் எடையே 3 டன்னை ஒட்டித்தான். சாலை டயரில், மண் தரையில், அந்த எடைக்குமேல் பிடிப்பு கிடைக்காது. அப்படிப் பார்த்தால் லோ 2-ல் இழுவிசை தேவைக்குமேல், லோ 4-ல் போதாது. இது காகிதக் கணக்கு.

லோ 2-ல் கிளம்பியபோது கிளட்சுக்குக் கஷ்டமே இல்லை. டாஷ்போர்டில் ஃபோனை ஆர்பிஎம் முள்ளைப் பார்த்தபடி ஒட்டி வைத்திருந்தேன். பிறகு அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தால், முள் சடாரென்று 3000-ஐத் தாண்டி கவர்னர் (என்ஜின் அளவுக்குமேல் சுழலாமல் தடுப்பது) வெட்டும் இடத்தில் போய் நின்றுவிட்டது. அதற்குமேல் அசையவில்லை. என்ஜின் கத்துகிறது, வண்டி 13-14 கிலோமீட்டரில் ஊர்கிறது. ஸ்லெட் கனத்ததும் நாலு சக்கரமும் அதே இடத்தில் சுழன்று பள்ளம் பறித்தன. முள் கடைசிவரை இறங்கவே இல்லை. என்ஜினிடம் இன்னும் சக்தி இருந்தது, அதைத் தரைக்குக் கொண்டுபோக வழி இல்லை.

லோ 3-ல் முள் மேலே போய், பிறகு 200 அடிக்கு அப்புறம் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. 2900, 2600, 2300. டர்போ சத்தம் குறையவில்லை. டயரும் என்ஜினும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் களைத்துப்போய் நின்றன. பிடிப்பு அதே பிடிப்புதானே, பிறகு லோ 3-ல் என்ன கூடுதல்? வேகம்தான். 13-லிருந்து 21-க்குப் போகும்போது ஓடும் எடையின் இயக்க ஆற்றல் இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. கடைசி 50 அடியை அந்த ஓட்டம்தான் இழுத்துக் கொடுக்கிறது.

லோ 4-ல் தொடக்கத்திலேயே சோர்வு தெரிந்தது. கரும்புகை, பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறத் தாமதம். பிறகு வேகம் பிடித்தாலும் ஸ்லெட் கடித்ததும் முள் சரசரவென 1600-க்குக் கீழே போனது. டயர் நழுவவே இல்லை, என்ஜின்தான் திணறியது. வண்டிக்குள் கிளட்ச் வாடை. அதே தரையில் பெரிய டர்போ போட்ட ஒரு வண்டி லோ 5-ல் பறந்தது. அந்த வேகத்தில் இழுக்க அவரிடம் சக்தி இருக்கிறது, என்னிடம் இல்லை.

தூரங்களை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. ஒவ்வொரு ஃபேரிலும் ஸ்லெட் வேறு, பெட்டி கிளம்பும் இடம் வேறு, மண் வேறு. இங்கே 240 அடி, அங்கே 270 அடி என்று ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. வண்டி எப்படி நின்றது என்பதைப் பாருங்கள். முள் உச்சியில் இருக்க டயர் சுழன்று நின்றால், ஒரு கியர் மேலே போகலாம். டயர் பிடித்திருக்க முள் விழுந்து நின்றால், ஒரு கியர் கீழே.

இன்னொரு சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது. ஹை ரேஞ்சில், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ் எதையும் பெருக்காத சாதாரண நிலையில், முதல் கியர் 5.63. லோ 3-ன் மொத்த விகிதமும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு எதற்கு லோ ரேஞ்ச்? பதில் கியர்பாக்ஸில் இருக்கிறது. ஹை 1-ல் முறுக்குவிசையை 5.63 மடங்காக்கும் வேலை முழுவதும் கியர்பாக்ஸின் தலையில். லோ 3-ல் அது இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொள்கிறது, மிச்சத்தை டிரான்ஸ்ஃபர் கேஸ் பார்த்துக்கொள்கிறது. சக்கரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், கியர்பாக்ஸின் ஆயுளுக்கு ஒன்றல்ல.

மண்ணைப் பொறுத்தும் மாறும். ஈரம் சரியாக இருந்து அழுத்தி உருட்டிய களிமண் டயரைக் கவ்விப் பிடிக்கும், அங்கே என் வண்டிக்கு லோ 3-ஐத் தாண்ட வழியில்லை. பொடிப்பொடியாக உதிரும் தரையில் பிடிப்பு முன்பே போய்விடுவதால் கொஞ்சம் சக்தி கூட்டிய வண்டிகள் ஒரு கியர் ஏற்றிப் போகின்றன. எனக்கு முன்னால் இழுப்பவர்களின் டயர்த் தடத்தைப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. ஆகஸ்டில் ஒஹையோவின் பவுலிங் கிரீன் ஊரில் நடக்கும் தேசியப் போட்டிக்கு வரும் பெரிய வகுப்பு ஆட்கள் தரையைப் பார்த்துவிட்டு கியர் செட்டையே மாற்றிவிடுகிறார்கள். நமக்கு லீவரோடு சரி.

ஸ்லெட்டின் சங்கிலியை மாட்டும் கொக்கியின் உயரம் எங்கள் வகுப்பில் 26 அங்குலம்வரை. சங்கிலியை மெதுவாக இறுக்கி, கிளட்சை முழுசாக விட்ட பிறகுதான் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறேன். பின்பக்கம் குதிக்க ஆரம்பித்தால் உடனே காலை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் டிரைவ் ஷாஃப்டின் மூட்டான யூ-ஜாயின்ட் போய்விடும்.

லோ 4-க்குத் திரும்பிப் போகும் எண்ணம் இருக்கிறது. அதற்கு முதலில் இன்ஜெக்டரும் இரட்டைத் தட்டு கிளட்சும் மாற்ற வேண்டும். விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அதுவரை லோ 3தான்.